ஆவி பிடிக்கிற மெஷின்: ஆன்லைனில் வாங்கும் முன்பும், ஸ்க்ரூவைக் கழற்றும் முன்பும்

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் போதும், எங்கள் கடை மேசையில் மிக்சி ஜார்களுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் கிண்ணம் வந்து உட்கார்ந்துவிடும். மதுரையில் மிக்சி, கிரைண்டர், அயர்ன் பாக்ஸ் பழுது பார்க்கிற சின்னக் கடை எங்களுடையது. கிண்ணத்தைக் கொண்டு வருகிறவர் சொல்வது அநேகமாக ஒரே வசனம்தான். "அண்ணே, வேபரைசர் ஆன்லைன்ல வாங்குனது, இருநூறு ரூவா. ரெண்டு நாள் ஆவி நல்லா வந்துச்சு. இப்ப வரவே மாட்டேங்குது. ஒயரு எங்கயோ கட்டாயிருக்கும், பாருங்க."

ஒயர் கட்டாகியிருப்பது அபூர்வம். பெரும்பாலும் அந்த மெஷின் எப்படி வேலை செய்கிறது என்பதே வாங்கியவருக்குத் தெரிந்திருக்காது. அவர்மேல் தப்பில்லை. பெட்டியில் எழுதியிருக்க மாட்டார்கள், விற்றவரும் சொல்லியிருக்க மாட்டார். முதல் தடவை வாங்கப் போகிறவர்களுக்காகவும், கையில் ஸ்க்ரூ டிரைவரோடு உட்கார்ந்துவிட்டவர்களுக்காகவும் எழுதுகிறேன்.

தேடும்போதே ஒரு குழப்பம்

ஆன்லைனில் வேபரைசர் என்று தேடினால் கொசுமருந்து பாட்டில் செருகும் மெஷின் வரும், ஆவி பிடிக்கிற கிண்ணம் வரும், சில தளங்களில் புகைப்பதற்கான வேப் கருவியும் வரும். அந்த மூன்றாவதை விட்டு விலகிவிடுங்கள். 2019-இல் வந்த சட்டப்படி இ-சிகரெட்டைத் தயாரிப்பது, விற்பது, இறக்குமதி செய்வது, விளம்பரம் செய்வது எல்லாமே இந்தியாவில் குற்றம். முதல் தடவைக்கே ஓராண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வெளிநாட்டுத் தளத்தில் ஆர்டர் போட்டு வரவழைத்தால் அதுவும் இறக்குமதிதான்.

நெபுலைசர் என்பது வேறு சாதனம். டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்தை நுண்துளியாக்கி நுரையீரலுக்கு அனுப்புவது அது. நெபுலைசர் மருந்தை ஆவி பிடிக்கிற கிண்ணத்தில் ஊற்றிக் கொதிக்கவிட்ட ஒருவரை எனக்குத் தெரியும். மருந்துச் செலவுதான் மிச்சம்.

முதல் வேலை: எந்த ரகம் என்று கண்டுபிடிப்பது

பிராண்டு, கலர், "3 இன் 1" எல்லாம் அப்புறம். ஆவி மெஷினில் அடிப்படையாக இரண்டு ரகம் உண்டு.

ஒன்று, ஹீட்டர் ரகம். அயர்ன் பாக்ஸ் மாதிரி உள்ளே ஒரு காயிலோ, பிடிசி என்கிற சூடாகும் பீங்கான் வில்லையோ இருக்கும். அது ஓர் உலோகத் தட்டைச் சூடாக்கும், தட்டு தண்ணீரைச் சூடாக்கும். கரண்ட் தண்ணீரைத் தொடாது.

இன்னொன்று, தகட்டு ரகம். எலெக்ட்ரோடு ரகம் என்பார்கள். இதில் ஹீட்டரே கிடையாது. கிண்ணத்துக்குள் இரண்டு உலோகத் தகடுகள் அல்லது இரண்டு கம்பிகள் எதிரெதிரே நிற்கும். ஒன்றில் ஃபேஸ் (கரண்ட் வருகிற ஒயர்), ஒன்றில் நியூட்ரல் (திரும்பிப் போகிற ஒயர்). நடுவில் இருக்கிற தண்ணீர் வழியாக 230 வோல்ட் பாயும், அந்தப் பாய்ச்சலில் தண்ணீர் கொதிக்கும். தண்ணீர்தான் இங்கே ஹீட்டர். ஊரில் வாளித் தண்ணீரில் இரண்டு பிளேடைக் கட்டிக் கரண்ட் கொடுத்துச் சுடவைப்பார்களே, அதே வித்தைக்கு ஒரு மூடி போட்டால் இந்த மெஷின்.

கையில் வாங்காமலே ரகத்தைக் கண்டுபிடிக்கலாம். விற்பனைப் பக்கத்தில் "ஆவி குறைவாக வந்தால் ஒரு சிட்டிகை உப்பு சேர்க்கவும்" என்று இருந்தால் அது தகட்டு ரகம். அப்படி எழுதவில்லையென்றால் வாங்கினவர்கள் போட்ட கருத்துகளைப் படியுங்கள். "முதலில் ஆவி வரவில்லை, உப்பு போட்டதும் சூப்பர்" என்று யாராவது எழுதியிருப்பார். அவர் ஐந்து நட்சத்திரம் கொடுத்திருப்பார், நமக்கு வேண்டியது அந்த உப்புத் தகவல் மட்டும்.

மெஷின் ஏற்கெனவே கையில் இருந்தால் மூடியைத் திறந்து பாருங்கள். வழவழப்பான உலோகத் தட்டு தெரிந்தால் ஹீட்டர். இரண்டு தகடு நின்றால் தகட்டு ரகம். மல்டிமீட்டர் வைத்திருப்பவர்கள் கிண்ணத்தைக் காயவைத்து, பிளக்கின் இரண்டு பின்களுக்கும் நடுவில் ஓம், அதாவது மின்தடை, பார்க்கலாம். ஹீட்டர் ரகம் ஏதாவது ஓர் அளவு காட்டும். 300 வாட் காயில் என்றால் 175 ஓமுக்குப் பக்கத்தில் நிற்கும். தகட்டு ரகம் ஒன்றுமே காட்டாது, ஏனென்றால் தண்ணீர் இல்லாமல் அங்கே சுற்று முழுமையாகாது. இதைத் தெரியாமல்தான் பலர் "ஒயர் கட்" என்று முடிவு கட்டுகிறார்கள்.

உப்புக் கணக்கு

ஹீட்டர் ரகத்துக்கு வாட் நிலையானது. தகட்டு ரகத்துக்கு வாட் என்பது நீங்கள் ஊற்றுகிற தண்ணீரைப் பொறுத்தது. தண்ணீரில் உப்பு கூடக் கூட, அதன் வழியாகக் கரண்ட் கூடுதலாகப் பாயும். 2 சென்டிமீட்டருக்கு 3 சென்டிமீட்டர் தகடு இரண்டு, இடைவெளி 1 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டு ஒரு தடவை உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஆர்ஓ தண்ணீர் ஊற்றினால் சுமார் 30 வாட். மூக்குக்கு ஆவி வர அது போதாது. அதே மெஷினில், அதே அளவு தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டால் 1000 வாட்டைத் தாண்டுகிறது. தண்ணீர் சூடாகச் சூடாக இன்னும் ஏறும்.

முன்னால் சொன்ன "ரெண்டு நாள் நல்லா வந்துச்சு" கதையின் ரகசியம் இதுதான். முதல் இரண்டு நாள் போர் தண்ணீர் ஊற்றியிருப்பார்கள். மூன்றாம் நாள், "மூக்குக்குள்ள போறதாச்சே" என்று உப்பு குறைந்த கேன் தண்ணீருக்கு மாறியிருப்பார்கள். மெஷின் நன்றாகத்தான் இருக்கிறது, தண்ணீர் மாறிவிட்டது. அடுத்தபடி உப்பு டப்பாவைத் தேடுவார்கள். அங்கேதான் வில்லங்கம் ஆரம்பம்.

1000 வாட் என்றால் 4 ஆம்பியருக்கு மேல். இருநூறு ரூபாய் மெஷினோடு வருகிற ஒயரை உரித்துப் பார்த்திருக்கிறேன். வெளியே தடியாக, உள்ளே தலைமுடி போல ஏழெட்டு இழை. சிலவற்றில் அது தாமிரம்கூட இல்லை, மேலே தாமிரப் பூச்சு பூசிய அலுமினியம். பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளை தெரியும். அந்த ஒயர் சூடேறி இளகும்போது எம்சிபி (லோடு மீறினால் தானே விழுகிற சுவிட்ச்) காப்பாற்றும் என்று நினைக்காதீர்கள். வீட்டு எம்சிபி 10 அல்லது 16 ஆம்பியருக்குப் போட்டது, சுவருக்குள் ஓடுகிற ஒயரைக் காப்பதற்காக வைத்தது. 5 ஆம்பியர் அதற்குச் சாதாரண லோடு.

தண்ணீர் கொதித்துத் தெறிப்பது, பிளக் பின் கறுப்பது, கிண்ணத்துத் தண்ணீர் பழுப்பாவது எல்லாம் உப்பின் வேலைதான். தகடு மட்டமான இரும்பாக இருந்தால் அரித்து அரித்துத் தண்ணீரில் கலக்கும்.

ஷாக் எங்கிருந்து வருகிறது

தகட்டு ரகம் ஓடும்போது உள்ளே இருக்கிற தண்ணீரிலேயே கரண்ட் இருக்கிறது, தொட்டால் ஷாக். நம்பாத ஒரு தம்பிக்காகக் கடையில் செய்து காட்டினேன். ரப்பர் மேட்டில் நின்றுகொண்டு, ஓடுகிற கிண்ணத்துத் தண்ணீரில் டெஸ்டர் நுனியை மட்டும் நனைத்தேன். டெஸ்டருக்குள் இருக்கிற நியான் விளக்கு பளிச்சென்று எரிந்தது. அந்தத் தம்பி அதுவரை தினமும் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே மூடியைத் தூக்கித் தண்ணீர் சேர்த்துவந்திருக்கிறார். வீட்டில் இதைச் செய்து பார்க்காதீர்கள்.

நல்ல தயாரிப்பில் மூடியைத் திருகித் திறந்தாலே கரண்ட் அறுந்துவிடும்படி அமைத்திருப்பார்கள். மட்ட ரகத்தில் மூடி என்பது வெறும் மூடி. பாயிண்ட் சுவிட்சை அணைத்துவிட்டால் போதுமா என்றால், அதுவும் போதாது. பழைய வயரிங்கில் சுவிட்ச் தவறுதலாக நியூட்ரலில் உட்கார்ந்திருப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். சுவிட்சை அணைத்தாலும் தண்ணீரில் ஃபேஸ் நிற்கும். பிளக்கையே பிடுங்க வேண்டும்.

"எங்க வீட்ல ஆர்சிசிபி இருக்குண்ணே" என்பார்கள். கரண்ட் தரைக்குக் கசிந்தால் தானே அறுத்துவிடுகிற சுவிட்ச் அது. இருப்பது நல்லது. நீங்கள் தரையில் நின்று தண்ணீரைத் தொட்டு, கரண்ட் உடம்பு வழியாகத் தரைக்குப் போனால் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி அறுத்துவிடும். ஆனால் இரண்டு தகடுகளுக்கும் நடுவில் விரல்கள் போனால், ஒன்றில் ஏறின கரண்ட் மற்றதன் வழியாகத் திரும்பிவிடும். ஆர்சிசிபிக்கு அது வழக்கமான லோடு மாதிரிதான் தெரியும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியது

முதலில், ஹீட்டர் ரகமாகத் தேடுங்கள். அதிலும் பிடிசி வில்லை வைத்தது என்றால் இன்னும் நல்லது. சூடு ஏறினால் அதன் தடை தானாகவே கூடிக் கரண்டைக் குறைத்துக்கொள்ளும். தண்ணீர் வற்றினாலும் கருகாது. காயில் வைத்தது என்றால் தண்ணீர் வற்றினால் தானே நிற்கும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். விலை கொஞ்சம் கூடத்தான் இருக்கும்.

அடுத்து, யார் செய்தது என்று பாருங்கள். பொட்டலத்தில் தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, மாதம், வருடம், எம்ஆர்பி, புகாருக்கான தொடர்பு இருக்க வேண்டும் என்பது 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதி. எந்த நாட்டுச் சரக்கு என்று ஆன்லைன் விற்பனைப் பக்கத்திலேயே போட வேண்டும். பக்கத்தில் ஒரு பெயர், பெட்டியில் இன்னொரு பெயர், மெஷினில் பெயரே இல்லை என்றால் திருப்பி அனுப்புங்கள். நாளைக்கு ஒன்று ஆனால் யாரிடம் போய்க் கேட்பீர்கள்?

ஐஎஸ்ஐ முத்திரை இருந்தால் மகிழ்ந்துவிட வேண்டாம், முத்திரை ஸ்டிக்கராகவே சந்தையில் கிடைக்கும். அதன் கீழே சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண் இருக்க வேண்டும். பிஐஎஸ் கேர் என்ற அரசு ஆப்பில் அந்த எண்ணைப் போட்டால் யாருக்கு, எந்தப் பொருளுக்குக் கொடுத்தது என்று வந்துவிடும். சீலிங் ஃபேனுக்கு வாங்கின எண்ணை ஆவி மெஷினில் ஒட்டியிருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

பார்சலைப் பிரிக்கும்போது வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். இது எனக்கே பாடமானது. வீட்டுக்கு ஒன்று வாங்கினேன், புதுசு என்று போட்டிருந்தது. பிரித்தால் கிண்ணத்தின் உள்சுவரில் பாதி உயரத்துக்கு வெள்ளை வளையம், கடினத் தண்ணீர் காய்ந்த உப்புப் படிவு. மூக்கு மூடியை முகர்ந்தால் யூகலிப்டஸ் வாசனை. யாரோ ஒருவர் சளியோடு பிடித்துப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பினதைத் துடைத்து எனக்கு அனுப்பியிருக்கிறார்கள். வீடியோ இல்லாததால் பத்து நாள் அலைந்தேன். விற்றவர் மசியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. பில்லைக் கிழித்துப் போடாதீர்கள்.

வந்ததும் முதல் தடவை வெறும் தண்ணீர் ஊற்றி, ஜன்னலைத் திறந்துவைத்து ஐந்து நிமிடம் ஓடவிட்டு, பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஒயரையும் பிளக்கையும் தொட்டுப் பாருங்கள். ஒயர் வெதுவெதுப்பைத் தாண்டினால் அது வேண்டாம். பிளாஸ்டிக் நாற்றம் ஆவியோடு வருகிறதா என்றும் கவனியுங்கள். இரண்டு மூன்று தடவை கொதிக்கவைத்தும் நாற்றம் போகாவிட்டால் அந்தப் பிளாஸ்டிக் கொதிநீருக்கானதே இல்லை.

பயன்படுத்துவதில் நம் ஊர்ப் பழக்கங்கள்

நொச்சி இலையும் மஞ்சளும் போட்டுப் போர்வைக்குள் ஆவி பிடித்த கை, மெஷினிலும் அதையே செய்யத் துடிக்கும். செய்யாதீர்கள். இலைத் துணுக்கு தகட்டு இடுக்கில் சிக்கும், மஞ்சள்தூள் தட்டில் ஒட்டிக் கருகும். கேப்சூலோ தைலமோ போடுவதானால் அதற்கென்று மூடியில் தனிக் குழி இருக்கும், தண்ணீரில் கலக்கக் கூடாது. கற்பூரத்தைக் குழந்தைகள் இருக்கிற வீட்டில் இந்தப் பக்கமே கொண்டுவர வேண்டாம், வாய்க்குள் போனால் வலிப்பு வரும்.

போர்வையும் வேண்டாம். பாத்திரத்து ஆவி நேரம் ஆக ஆகக் குறையும், மெஷின் ஆவி குறையாது. போர்வைக்குள் மூடி கவிழ்ந்தால் கொதிநீர் மடியில். சமதளமான மேசையில் வைத்து, முகத்தை ஒரு முழம் தள்ளி வைத்தால் போதும். சின்னக் குழந்தைக்கு இந்த மெஷினில் ஆவி பிடிக்கவைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. பெரிய டாக்டர் சொன்னாலும் மெஷினை நீங்கள் கையில் பிடித்துக்கொள்ளுங்கள், குழந்தை கையில் கொடுக்காதீர்கள்.

மூக்கடைப்புக்கு ஆவி இதமாக இருக்கும், அவ்வளவுதான். 2021 மே மாதம் கொரோனா இரண்டாம் அலையில் ரயில் நிலையம் வரைக்கும் ஆவி பிடிக்கிற ஏற்பாடு செய்துவிட்டார்கள். பொது இடத்தில் அதைச் செய்யாதீர்கள் என்று அப்போதைய சுகாதார அமைச்சர் மா. சுப்பிரமணியனே சொல்ல வேண்டியதாயிற்று. அந்த இரண்டு மாதத்தில் விற்ற மெஷின்களைத்தான் இன்னும் கழற்றிக்கொண்டிருக்கிறேன்.

பழுது: எதைச் செய்யலாம், எதைத் தொடக் கூடாது

இரண்டு ரகத்துக்கும் நீங்களே செய்யலாம் என்று நான் சொல்லக்கூடிய வேலை ஒன்றே ஒன்றுதான், உப்புப் படிவை எடுப்பது. பிளக்கைப் பிடுங்குங்கள். கிண்ணம் ஆறட்டும். தட்டோ தகடோ முழுகும் அளவுக்குத் தண்ணீர் ஊற்றி ஓர் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்துவிடுங்கள், அல்லது பாதிக்குப் பாதி வினிகர். அரை மணி நேரம் கழித்துப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்தால் வெண்படலம் உதிர்ந்து வரும். இரண்டு முறை அலசுங்கள். ஆவி குறைந்துவிட்டது என்று வருகிற மெஷின்களில் நிறைய இந்த அரை மணி நேரத்திலேயே சரியாகிவிடும். படிவு உள்ள தகட்டை ஓடவைத்துக்கொண்டே புளியால் தேய்த்த ஆளும் உண்டு. அவர் கை பிழைத்தது அவர் வீட்டுப் புண்ணியம்.

பிளக் மட்டும் இளகிவிட்டது என்றால், ஹீட்டர் ரகத்துக்கு ஐஎஸ்ஐ போட்ட பிளக் வாங்கி மாற்றலாம். இழைகளை நன்றாக முறுக்கி, ஒன்றுகூட வெளியே நீட்டாமல் ஸ்க்ரூவுக்குள் அடைக்க வேண்டும். ஒயர் நடுவில் வெடித்திருந்தால் டேப் சுற்றாதீர்கள், ஆவி படுகிற இடத்தில் டேப் ஒரு வாரம் தாங்காது. முழு ஒயரையும் மாற்ற வேண்டும். அதற்கு மெஷினைத் திறக்க வேண்டும், திறப்பது எலெக்ட்ரிஷியன் வேலை.

காயில் வைத்த மெஷின் திடீரென்று செத்துவிட்டால் பெரும்பாலும் உள்ளே தெர்மல் ஃபியூஸ் போயிருக்கும். சுண்டுவிரல் நகம் நீளத்துக்கு ஒரு சின்ன உருளை, அதன் உடம்பிலேயே எத்தனை டிகிரியில் அறுபடும் என்று எழுதியிருக்கும். அதைக் கழற்றிவிட்டு ஒரு துண்டு ஒயரை நேராகக் கொடுத்தால் மெஷின் உடனே ஓடும், முப்பது ரூபாயில் வேலை முடிந்துவிடும். இதைச் செய்து தருகிற கடைகள் உண்டு. அடுத்த தடவை தண்ணீர் வற்றும்போது நிறுத்துவதற்கு அங்கே ஒன்றும் இருக்காது. மெக்கானிக்கிடம் கொடுக்கும்போதே, "ஃபியூஸ் அதே டிகிரிக்குப் போடுங்க, டைரக்ட் கொடுக்காதீங்க" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். பழைய ஃபியூஸைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். புதியதை ஈயம் வைத்து ஒட்டினால் அந்தச் சூட்டிலேயே அறுந்துவிடும், ஸ்லீவ் (சின்ன உலோகக் குழாய்) வைத்து நசுக்கித்தான் இணைக்க வேண்டும். இது தெரியாத மெக்கானிக் இரண்டு ஃபியூஸை வீணாக்கிவிட்டு மூன்றாவதாக ஒயரைக் கொடுத்துவிடுவார்.

தகட்டு ரகத்துக்கு நான் உப்புப் படிவைத் தவிர எதையும் பார்ப்பதில்லை. ஒயர் நுழையும் இடத்தைப் பசை ஊற்றி அடைத்திருப்பார்கள். அதைப் பிளந்துவிட்டால் திரும்ப அதே மாதிரி அடைக்க முடியாது. ஃபேஸ் ஓடும் இணைப்புக்கும் தண்ணீருக்கும் நடுவில் ஃபெவிக்விக் மட்டும் நிற்கிற ஒரு மெஷினை, யாரோ ஒருவர் மூக்குக்குக் கீழே வைத்துக்கொள்ளப் போகிறார். என்னால் அதைக் கொடுத்துவிட்டு ராத்திரி தூங்க முடியாது. "வேற வாங்கிக்கோங்க" என்று சொன்னால் சிலர் கோபித்துக்கொள்கிறார்கள். பக்கத்துக் கடைக்குப் போகிறார்கள்.

தூக்கிப் போடுவதிலும் ஒரு முறை இருக்கிறது. ஒயரை மெஷினை ஒட்டி வெட்டிவிட்டுப் போடுங்கள். போன வருடம் அப்படி வெட்டாமல் ஒன்றைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட்டேன். மூடியில் மார்க்கர் பேனாவால் பெரிதாக ஒரு பெருக்கல் குறி மட்டும் போட்டிருந்தேன். ஆறு மாதம் கழித்து ஓர் அக்கா பையிலிருந்து ஒரு மெஷினை எடுத்து மேசையில் வைத்தார். "சந்தையில அறுபது ரூவாக்கு வாங்குனேன் தம்பி, ஆவி கம்மியா வருது." புது பிளக், மூடியில் என் பெருக்கல் குறி. கட்டிங் பிளேயரை எடுத்தேன். அந்த அறுபது ரூபாயை நான்தான் கொடுத்தேன்.